விடுபடாத பக்குவம்

பெரியவள் யாருக்குப் பக்குவம் சொன்னாலும் ஒன்றை விட்டுவிட்டுத்தான் சொல்வாள். எதிர்வீட்டுத் தையல்காரி அவளிடம் கேட்டுப்போய்ச் செய்த பிஸ்கட்டைச் சுத்தியல் வைத்து உடைக்க வேண்டியிருந்தது. தையல்காரி வந்து அழாத குறையாகச் சொன்னாள். பெரியவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். மாவு சரியில்லையோ என்னவோ என்றாள். தையல்காரி படியிறங்கியதும் மேசையில் குனிந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். வெண்ணெய் சேர்த்த பிறகு அதிகம் பிசையக் கூடாது என்பதைச் சொல்லவில்லையாம்.

“எல்லாத்தையும் சொல்லிட்டா நாளைக்கு யாரு நம்ம கடைக்கு வருவா?” என்று சின்னவளிடம் கேட்டாள்.

சின்னவள் ரொட்டித் தகரத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

இருவரும் ஒரு வீட்டு மருமகள்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் ரொட்டிக்கடை. அண்ணன் மாவு வாங்குவான், ஆட்களோடு பேசுவான். தம்பி வண்டி ஓட்டுவான். கண்ணாடிப் பெட்டியும் வாடிக்கையாளரும் சிரிப்பும் இருக்கிற முன்பக்கம் பெரியவளுக்கு. ஓவன் இருக்கிற பின்பக்கம் சின்னவளுக்கு. யாரும் உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கவில்லை. கல்யாணமாகி வந்த மறுநாள் சின்னவள் எங்கே போய் நின்றாளோ அங்கேயே நின்றுவிட்டாள்.

போன இலையுதிர் காலத்தில் அது நடந்தது. சந்தையில் மஞ்சள் பூசணி குவிந்து கிடந்தது. சின்னவளின் புருஷன் ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான். அவள் அதைச் சுட்டு, மசித்து, பழுப்புச் சர்க்கரை சேர்த்து, மேலே உப்புச் சீஸை உதிர்த்து ஒரு தட்டு செய்தாள். முதலில் இனிப்பு வரும். இது இனிப்புதான் என்று நாக்கு முடிவு கட்டுகிற நேரத்தில் உப்பு வரும். அப்புறம் கை தானாக அடுத்த துண்டுக்குப் போகும்.

அன்றைக்கு ஓர் ஓட்டல் மேலாளர் அம்மாள் ரொட்டிக்குச் சொல்ல வந்திருந்தார். வாசனை பிடித்துக்கொண்டு ஒரு துண்டு கேட்டார். தின்றார். இன்னொன்று கேட்டார். யார் செய்தது என்றார்.

சின்னவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படி வரை வந்துவிட்டாள்.

“நான்தான் மேடம். சும்மா கை போன போக்குல செஞ்சது” என்றாள் பெரியவள்.

அதுவரை அவள் அதை வாயில் கூட வைத்திருக்கவில்லை. வைக்க வாய்ப்பும் கிடைக்கவில்லை. மேலாளர் அம்மாள் மிச்சத் தட்டை ஓட்டலுக்கே எடுத்துப் போய்விட்டார்.

பிறகு சின்னவள் கேட்டாள். பெரியவள் அசரவில்லை. கடைக்கு நல்ல பெயர் வந்தால் போதாதா, இதில் உன் பெயர் என் பெயர் என்று என்ன இருக்கிறது என்றாள். சின்னவள் புருஷனிடம் சொன்னாள். விட்டுத்தள்ளு என்றான். அவள் தள்ளவில்லை. மாவு பிசையும்போதெல்லாம் அதையும் சேர்த்துப் பிசைந்தாள். வாடிக்கையாளர் வந்து அந்தப் பூசணி இனிப்பு உண்டா என்று கேட்டால், பின்னாலிருந்தே குரல் கொடுப்பாள். “அக்காதான் செய்வாங்க, அவங்களையே கேளுங்க.” பெரியவள் சீசன் இல்லை என்று சொல்லிச் சமாளிப்பாள். பூசணிக்குச் சீசன் ஒரு நாள் வரத்தான் செய்யும்.

வந்தது. நடைபாதையில் இலைகள் விழத் தொடங்கிய வாரத்தில் மேலாளர் அம்மாள் போன் செய்தார். ஓட்டலில் இனிப்புகளுக்கென்று தனிச் சமையலறை திறக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். போன வருஷத்துப் பூசணித் தட்டைச் செய்தவர்தான் அவர் நினைப்பில் இருக்கிறார். ஒரு தட்டு செய்து கொண்டுவந்தால் முதலாளியும் ருசி பார்த்துவிடுவார்.

தனிச் சமையலறை. சின்னவள் பின்பக்கத்திலிருந்து அதைக் கேட்டாள். தனக்கென்று ஒரு கதவு. முன்னால் நின்று பேச யாரும் இல்லாத இடம். அது தனக்கு வர வேண்டியது. போன் செய்தவரைத் திரும்ப அழைத்து நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. பொய் சொன்ன வாய் அதே ஆள் முன்னால், தானாகவே, மண்ணைக் கவ்வ வேண்டும். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு மற்றது.

சாயங்காலம் பெரியவள் ஓவன் பக்கம் வந்தாள். அவள் அந்தப் பக்கம் வருவதே அபூர்வம். சூடு ஒத்துக்காது என்பாள்.

“தங்கச்சி” என்றாள்.

தங்கச்சி என்று அவள் கூப்பிட்டால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். அந்தப் பூசணியை எப்படிச் செய்தாய், நம் வீட்டு ஆள் ஒருத்தி போய் உட்கார்ந்தால் வீட்டுக்குத்தானே நல்லது என்றாள்.

இந்தக் கேள்விக்காகச் சின்னவள் ஒரு வருஷமாகக் காத்திருந்தாள். என்ன சொல்வது என்று எத்தனையோ விதமாக யோசித்திருந்தாள். சர்க்கரையைக் கூட்டிச் சொல்லலாம். முட்டையை விட்டுவிடலாம். அது பெரியவளின் வழி. பெரியவள் அதை மோப்பம் பிடித்துவிடுவாள், அவளே நடந்து தேய்த்த பாதை அது. ஒருநாள் மாவு சலிக்கும்போது சின்னவளுக்கு வேறொன்று தோன்றியது. தோன்றியதும் சல்லடை கையில் நின்றது.

உண்மையைச் சொல்வது. முழுசாக.

அவள் சொன்னாள். பூசணியை இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து, தோல் சுருங்கும் வரை சுடு. சதையைச் சுரண்டி மசி. பழுப்புச் சர்க்கரை, கிரீம், முட்டை, ஒரு சிட்டிகை மிளகுத்தூள். பிஸ்கட்டை நொறுக்கி, உருக்கிய வெண்ணெயில் புரட்டி, தட்டின் அடியில் அழுத்து. அதன்மேல் இதை ஊற்று. ஓரம் இறுகி நடுவில் கொஞ்சம் ஆடும்போது எடுத்து, உப்புச் சீஸை உதிர்த்துப் போட்டு, சீஸ் நிறம் மாறும் வரை திரும்ப உள்ளே வை. ஆறவிட்டு வெட்டு. அளவுகளையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

பெரியவள் இமைக்காமல் பார்த்தாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் அக்கா.”

“வேற ஒண்ணுமில்லையே?”

“சத்தியமா ஒண்ணுமில்லை” என்றாள் சின்னவள். சொல்லிவிட்டு, ஒரு கணம் கழித்து, பார்வையைத் திருப்பி ஓவன் கதவைத் திறந்தாள். ரொட்டி எடுக்கிற நேரம்தான். பொய்யான அசைவு அதில் ஒன்றுமில்லை.

மறுநாள் பெரியவள் செய்து பார்த்தாள். சின்னவள் பார்க்கக் கூடாதென்று அவளை வண்டியோடு அனுப்பிவைத்தாள். சின்னவள் திரும்பி வந்தபோது பின்கட்டுக் குப்பைக்கூடையில் ஒரு தட்டு அளவுக்குப் பூசணி இனிப்பு கவிழ்ந்து கிடந்தது. ஓரம் பொன்னிறம். சீஸ் சரியான இடத்தில் நின்றிருந்தது. மேலே கிடந்த சுத்தமான துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டாள்.

சரியாக இருந்தது. சொல்லப்போனால் அவள் செய்ததைவிட ஒரு மாற்றுக் கூடுதல். பெரியவளுக்குக் கைப்பதம் உண்டு. அதை யாரும் மறுக்க முடியாது.

அவள் கூடையின் முன்னால் நின்றாள். இப்போது போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘அக்கா, இதுதான், இதையே கொண்டுபோங்க.’ அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. மென்றதோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

அடுத்த நாள் பெரியவளே கேட்டாள், சும்மா கேட்பதுபோல. நேற்று ஒரு தட்டு போட்டேன், நல்லாத்தான் இருந்தது, ஆனால் ஒரு பெரிய ஓட்டல்காரி வருஷம் முழுக்க நினைவு வைத்திருக்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது, சின்னப் பிள்ளை கூடச் செய்யும் போலிருக்கிறதே என்றாள். நீ சொன்னதில் ஏதாவது மறந்துபோச்சா?

“எதுவும் மறக்கலை அக்கா. அப்படியே செஞ்சா சரியா வரும்.”

பெரியவள் சிரித்தாள். தையல்காரியிடம் தான் என்ன சொல்லியிருப்பாளோ, அதே சொற்கள். அதே பணிவு.

அதற்குப் பிறகு வீட்டில் வேட்டை நடந்தது. பெரியவள் சின்னவளின் அலமாரியைத் துழாவினாள். போன வருஷம் சந்தையில் என்னென்ன வாங்கினாள் என்று கொழுந்தனைக் குடைந்தாள். அவன் எலுமிச்சம்பழம் வாங்கின ஞாபகம் என்றான். அவனுக்கு இருமலுக்கு வாங்கியது. அலமாரியில் கிராம்பு இருந்தது. அது பல்வலிக்கு. போன வருஷத் தட்டு இன்னும் கொஞ்சம் உப்பலாக இருந்ததாகப் பெரியவளுக்குத் தோன்றியது, ஆக சோடா உப்பு. மூன்றையும் கலவையில் சேர்த்தாள். கடைசியில் அவள் பார்வை சீஸ் மேல் விழுந்தது. இனிப்பின் தலையில் எவளாவது உப்புச் சீஸைப் போடுவாளா? தன்னைக் கவிழ்க்கத்தான் அதைச் சொல்லியிருக்கிறாள். சீஸை எடுத்துவிட்டு முந்திரியை அடுக்கினாள்.

இதெல்லாம் சின்னவளுக்கு வாசனையிலேயே தெரிந்தது. அவள் ரொட்டி சுட்டாள்.

குறித்த நாளில் தட்டைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பெரியவள் அவளையும் அழைத்தாள். நல்ல புடவை வேண்டாம், சமையல்கட்டுக்குத்தானே போகிறோம் என்றாள். தான் மட்டும் பட்டு உடுத்தியிருந்தாள். வண்டி ஆடும்போதெல்லாம் சின்னவள் தட்டை மடியில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள். அது நன்றாகப் போய்ச் சேர வேண்டும் என்று அவளைவிட யாரும் விரும்பியிருக்க முடியாது.

ஓட்டல் சமையலறை வெள்ளை ஓடு பதித்து விசாலமாக இருந்தது. மேலாளர் அம்மாள், முதலாளி, சூப்புப் பானை பக்கத்தில் தலைமைச் சமையல்காரர். பெரியவள் தானே வெட்டித் தானே பரிமாறினாள். நடுப்பகுதி பள்ளமாக இறங்கியிருந்தது. நிறம் கறுத்திருந்தது.

மேலாளர் அம்மாள் ஆசையோடு கரண்டியை வாயில் வைத்தார். கரண்டி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

முதலாளி மென்றார், தண்ணீர் கேட்டார். சோப்புப் போட்ட மாதிரி இருக்கிறதே என்றார்.

“இது அது இல்லையே” என்றார் மேலாளர் அம்மாள். குரலில் கோபமில்லை, ஏமாற்றம்தான். அதுதான் பெரியவளைச் சுட்டது. முகம் சிவந்து, திரும்பி, சின்னவளை நோக்கி விரலை நீட்டினாள்.

“எல்லாம் இவ வேலை மேடம். வேணும்னே எனக்குத் தப்புத் தப்பா சொல்லிக் குடுத்திருக்கா.”

மேலாளர் அம்மாள் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

“இவங்க உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?” என்று மேலாளர் அம்மாள் நிதானமாகக் கேட்டார். “அப்போ போன வருஷம் செஞ்சது யாரு?”

பெரியவளின் விரல் இறங்கியது. அதைவிட வேறு பதில் தேவைப்படவில்லை.

சின்னவள் அதை ஆசை தீரப் பார்த்தாள். ஒரு வருஷமாக எதிர்பார்த்த காட்சி. எதிர்பார்த்ததைவிட அழகாகவே இருந்தது. அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்குப் போய், ஒரு தட்டு செய்து, தனியாக வந்து நின்றிருக்கலாம். ஆனால் மேலாளர் அம்மாளின் பார்வை இப்போது அவள் மேல் திரும்பியிருந்தது. ஓரகத்தியைக் கவிழ்க்கத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தவள் என்று அந்தப் பார்வை அவளை எடை போட்டது. பெரியவளும் அந்த ஒரு பொய்யைப் பற்றிக்கொண்டு தப்பிவிடுவாள். வீட்டில், தெருவில், காலத்துக்கும் சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்தக் கிளையையும் வெட்ட வேண்டும்.

“நான் சொன்னதை இங்கேயே சொல்றேன். மாஸ்டர் செய்யட்டும்” என்றாள்.

சூப்புக்காகச் சுட்டு வைத்த பூசணி தயாராக இருந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னாள். பெரியவளிடம் சொன்ன அதே வரிசை, அதே அளவு, அதே சொற்கள். சமையல்காரர் செய்தார். சீஸ் என்று வந்தபோது அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், தலையாட்டினார், போட்டார். பெரியவள் உதடு அசையாமல் ஒவ்வொன்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் கூடவில்லை. எதுவும் குறையவில்லை.

ஆறியதும் வெட்டினார்கள். மேலாளர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினார்.

“பிரமாதம். இவ்வளவு சுலபமா?” என்றார் வாய் நிறைய. “நம்ம மாஸ்டரே செஞ்சுட்டாரே. அப்புறம் இதுக்குத் தனியா ஆள் எதுக்கு?”

மேலாளர் அம்மாள் ஏதோ சொல்லப் போனார். முதலாளி வெளியே போய்விட்டிருந்தார். மேலாளர் அம்மாள் சின்னவளின் முகத்தைப் பார்க்காமல், தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றார்.

பின்வாசல் கேட்டருகே இருவரும் வண்டிக்காக நின்றார்கள். காய்ந்த இலைகள் காலடியில் உரசின. சின்னவள் கண்ணை ஒருமுறை மூடினாள். வெள்ளை ஓடு, விசாலம், தனிக்கதவு எல்லாம் போயிற்று. தன் வாயாலேயே கொடுத்தாயிற்று. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பட்டுப் புடவைக்காரியின் கையில் சோப்பு நாற்றமடிக்கிற தட்டு இருந்தது.

பெரியவள், கேட்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தோற்றுப்போனவள் போலக் கேட்டாள்.

“அந்த மாஸ்டர் செஞ்சதையும் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தம்மா போன வருஷம் திங்கும்போது மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு. நான் பார்த்தேன். உண்மையைச் சொல்லுடி. எதை விட்டே?”

இதுவரை அவளிடம் சின்னவள் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. உண்மையால் செய்ய முடிந்ததெல்லாம் செய்தாகிவிட்டது.

“ஒண்ணு விட்டேன்கா” என்றாள்.

பெரியவளின் முகத்தில் முதலில் வந்தது ஆத்திரமில்லை, நிம்மதி. அப்புறம்தான் பசி.

“என்னது அது?”

வண்டி வந்தது. சின்னவள் முன்கதவைத் திறந்து புருஷன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பெரியவள் பட்டைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால், காலித் தட்டுகளுக்கு நடுவில் ஏறினாள். தடுப்புக் கம்பி வழியாகக் குரல் வந்தது.

“ஜாதிக்காயா? ... ஏய், உன்னைத்தான். தேனா?”

“என்ன ஆச்சு?” என்றான் புருஷன், சாவியைத் திருகிக்கொண்டே.

“ஒண்ணுமில்லை. மெதுவாவே ஓட்டுங்க” என்றாள் சின்னவள். “வீட்டுக்குப் போக அவசரமில்லை.”