கரீமா கெடுத்த மிஷின்

படகுத்துறையில் வழுக்கி விழுந்ததில் கரீமாவின் வலது மணிக்கட்டு உடைந்து, கோணலாகவே கூடிவிட்டது. சோறு வடிக்கலாம், மீன் அறுக்கலாம். ஈரத்துணியை முறுக்கிப் பிழிய மட்டும் முடியாது. வீட்டில் ஏழு பேர். கணவர் சம்சுதீன் பழவேற்காட்டில் இறால் வாங்கி ஐஸ் போட்டு மெட்ராசுக்கு அனுப்புகிறவர்; அவருடைய லுங்கியை ஒரு நாள் ஊறப்போட்டாலும் வாடை போகாது.

அவள் அண்ணன் கலந்தர் குவைத்தில் ஓர் அரபி வீட்டில் டிரைவர். தங்கையின் கை விஷயம் கேள்விப்பட்டு, அந்த வீட்டில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய வாஷிங் மிஷினைக் கேட்டு வாங்கி, எண்பத்திரண்டில் கப்பலில் ஏற்றி அனுப்பினான். மூடியைத் திறந்து மேலாகத் துணி போடுகிற மாதிரி. வீட்டில் குழாய் கிடையாது. கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி நிரப்பினாள். மிஷின் துணியை நன்றாக அலசியது, அழுக்குத் தண்ணீரை முற்றத்தில் கொட்டியது. அதோடு நின்றுவிட்டது. தொட்டி வேகமாகச் சுற்றித் துணியைப் பிழிய வேண்டிய நேரம் அது. அவளுக்கு வேண்டியிருந்ததே அந்த ஒன்றுதான்.

பொன்னேரியில் ரேடியோ, மிக்சி, ஃபேன் பழுதுபார்க்கும் மாசிலாமணியைக் கூட்டி வந்தார் சம்சுதீன். மாசிலாமணி மிஷினைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா தண்ணி ஊத்துறீங்கமா?"

"கெணத்துத் தண்ணிதாண்ணே."

"அதான் விஷயம். அத்தனையும் உப்பு. மோட்டாரைத் தின்னுடுச்சு."

அதன் பிறகு கரீமா அரை மைல் நடந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்தாள், அந்தக் கோணல் கையோடு. தொட்டி சுற்றவில்லை. இரண்டாம் தடவை வந்த மாசிலாமணி, கரண்டு கம்மி என்றார். கரண்டைக் கூட்டித் தரும் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினார்கள். சுற்றவில்லை. மூன்றாம் தடவை பின்பக்கத் தகட்டைக் கழற்றி, அரை மணி நேரம் உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மூட்டை மூட்டையா துணி போட்டிருக்காங்க. கியரு போயிடுச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது பாய்."

"ஒரு துண்டு போட்டாக்கூட சுத்தலையேண்ணே!" என்றாள் கரீமா.

"இப்ப ஒண்ணு போட்டு இன்னாமா பிரயோஜனம்? மொதல்லயே பாத்துப் போட்டிருக்கணும்."

சம்சுதீன் தலையை ஆட்டினார். "பொம்பளைங்க கையில மிஷினைக் குடுத்தா இப்படித்தான்."

முதல் நாளிலிருந்தே அது சுற்றியதில்லை என்று அவள் சொன்னதை இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை. பஜாரில் டீக்கடையில் மாசிலாமணி சொன்ன பேச்சு சாயந்திரத்துக்குள் தெருவுக்கு வந்துவிட்டது. ஃபாரின் மிஷினைக் கரீமா கெடுத்துவிட்டாளாம். பக்கத்து வீட்டுப் பரக்கத் பீவி வாசலில் நின்று, "பொறுமையா ஓட்டியிருக்கலாம் இல்ல?" என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் மேல், கலந்தரிடமிருந்து கடிதம் வந்தது. 'மச்சான் எழுதியிருந்தார். உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்பினேன், இப்படிச் செய்துவிட்டாயே.' அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

பிழியாவிட்டாலும் அலசுகிறதே என்று ஒன்றரை வருஷம் அதை ஓட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் வடிந்து மிஷின் நின்றது. மூடியைத் திறந்து துணிகளை எடுத்துவிட்டு, ஓரத்தில் படிந்திருந்த சோப்புக் கசடைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். மூடிக்குக் கீழே விரல் நுழையாத ஒரு சின்னத் துளை. அதிலும் கசடு. பிரஷ்ஷின் காம்பை உள்ளே விட்டு அழுத்தினாள். 'டக்'கென்றது. தொட்டி சுற்றத் தொடங்கியது. பயந்துபோய்க் கையை எடுத்தாள். நின்றது. மறுபடி அழுத்தினாள். சுற்றியது.

மூடியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். துளைக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் முளை பாதியில் உடைந்திருந்தது. மூடினால் அது போய் அழுத்த வேண்டும், எட்டவில்லை. அவ்வளவுதான். உப்பும் இல்லை, கரண்டும் இல்லை, கியரும் இல்லை.

சம்சுதீனைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினாள். அவர் சுற்றும் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இரு, அவசரப்படாத. மாசிலாமணி வந்து பாத்து இன்னா சொல்றாருனு கேப்போம்."

கரீமாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கண்ணு முன்னால சுத்துது. இதையும் அவரு வந்து சொன்னாத்தான் நம்புவீங்களா? கூட்டியாங்க. நானும் அவரைத்தான் பாக்கணும்."

மாசிலாமணி மறுநாள் வந்தார். உடைந்த முளையைப் பார்த்தார். அழுத்தினார், விட்டார், அழுத்தினார். காது சிவந்துவிட்டது.

"இந்த மாதிரி மிஷினை நான் பாத்ததே இல்லமா," என்றார் கடைசியில்.

"தெரியலனு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இன்னா உங்களை அடிக்கவா போறேன்? தெரியாததுக்கெல்லாம் என் தலையில பழியா? டீக்கடையில சொன்னீங்களே, அங்க யாரு உங்களைக் கேட்டா?"

"தப்புதாம்மா. சரி பண்ணிக் குடுத்துடறேன்."

"அது கெடக்கட்டும். மொதல்ல எங்கண்ணனுக்கு எழுதுங்க."

குவைத்துக்கு எழுத வைத்திருந்த ஏர் லெட்டரை எடுத்து அவர் முன்னால் போட்டாள். அவர் சம்சுதீனைப் பார்த்தார். சம்சுதீன் கூரையைப் பார்த்தார். மாசிலாமணி மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு எழுதினார்: மிஷின் வந்தபோதே முளை உடைந்திருந்தது, தங்கை மேல் தவறில்லை, நான்தான் தெரியாமல் சொல்லிவிட்டேன். அவள் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் ஒட்டவிட்டாள். பிறகு அவர் ஒரு ரப்பர் துண்டைச் செதுக்கி முளையில் ஒட்டிக் கட்டினார். திங்கட்கிழமை ஏழு பேர் துணியும் பிழிந்து வெளியே வந்தது. கொடியில் போட்டபோது ஒரு சொட்டு விழவில்லை.

கலந்தரின் பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. கப்பலில் ஏற்றும்போது மூடியை இறுக்கிக் கயிறு கட்டியது அவன்தானாம், அப்போதே ஏதோ முறிந்த சத்தம் கேட்டதாம், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். மன்னித்துக்கொள் என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தான்.

சம்சுதீன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிஷின் நன்றாக ஓடுகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், தானே கண்டுபிடித்துச் சரிசெய்த மாதிரி. ஒரு நாள் கரீமா உள்ளேயிருந்து வெளியே வந்து, வந்திருந்தவர் முன்னாலேயே சொன்னாள்:

"கண்டுபிடிச்சது நான். கெடுத்தேன்னு குவைத்து வரைக்கும் எழுதினீங்க இல்ல, இதையும் சொல்லுங்க."