சின்னவருக்குத் தண்ணீர்

“நாலு பேருக்கு மூணு டிக்கெட்டாப் போடும்மா,” என்று அண்ணன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் சொன்னார். “இவ போற இடமெல்லாம் உக்காந்துக்குவா. பாதிதான் பாப்பா.”

இவ என்று அவர் காட்டியது அண்ணியை. அண்ணி இதற்கெல்லாம் முகம் மாறுகிறவர் இல்லை. முப்பது வருடமாக அண்ணன் வாங்கும் ஒவ்வொரு சாமானுக்கும் ஏதாவது ஒரு விதத்தில் சாட்சியாக நின்றவர். வீட்டுக்குக் குளிர்பதனப் பெட்டி எடுத்த அன்று, விலை குறைவதற்காக, இதய நோயாளியாகக்கூட இருந்தார். டிக்கெட் பெண் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. விலைப் பலகையை விரலால் தொட்டுக் காட்டினாள், அவ்வளவுதான். மனிதர்கள் என்றால் அண்ணன் ஒரு கை பார்த்துவிடுவார். பலகையிடம் அவருக்குப் பேச்சு வராது. நாலு டிக்கெட்டையும் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துணியில் இழை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே உள்ளே நடந்தார்.

என் சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு கடிதம் இருந்தது. விளையாட்டரங்கத்தின் மேற்குப் படிக்கட்டுக்குக் கீழே உள்ள பதினான்காம் எண் கடை எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பதாகவும், இன்று மாலை நான்கு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்திடாவிட்டால் அது வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் அதில் எழுதியிருந்தது. இந்த விஷயம் என் மனைவிக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. எங்கள் கடை இருக்கும் சந்தைக்கு வார விடுமுறை என்பதால், சும்மா பூங்காவைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். அண்ணன் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். “நானும் இதுவரைக்கும் பாத்ததில்லையே,” என்று திரும்ப மாட்டிக்கொண்டார். அவர் வந்தால் அண்ணி வருவார். ஆக, கள்ளத்தனமாகக் கடை பிடிக்கக் குடும்பத்தோடு வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இந்தக் கரையில் முன்பு சரக்குக் கிடங்குகள் இருந்தன. எங்கள் திரைச்சீலைக் கடைக்கான துணிக் கட்டுகள் இங்கேதான் இறங்கும். கட்டைப் பிரித்தால் மீன் வாடை வரும், அதைப் புதுத்துணி வாசம் என்று சொல்லி விற்றிருக்கிறேன். இப்போது கிடங்குகள் நின்ற இடத்தில் ஒரு பெரிய வட்ட அரங்கம், அதையொட்டி நீச்சல் கூடம், துடுப்புப் படகுப் பயிற்சி நிலையம், நடுவில் எல்லாம் பூங்கா. ஓடுகிறவர்களுக்கு ஒரு பாதை, சைக்கிளுக்கு ஒரு பாதை, நடக்கிறவர்களுக்கு ஒரு பாதை. நான் ஓடுகிறவர்கள் பாதையில் கால் வைத்ததும் பின்னாலிருந்து யாரோ மணியடித்தார்கள். கரையை ஒட்டிய பழைய தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கும் கைப்பிடிச் சுவர் கட்டியிருந்தார்கள்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். நான் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினொரு நாள் தரையில் படுத்தவர். மாடியைக் கட்டி என்னைக் குடிவைத்தவர். இருபத்துநாலு வருடத்தில் ஒரு நாளும் கடையில் வைத்து என்னைத் திட்டியதில்லை. ஆனால் நாற்காலியில் உட்காருவது அவர். ஏணியில் ஏறுவது நான். அவர் பெரியவர், நான் சின்னவர். இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது, முட்டி பிடித்துக்கொள்கிறது, தலையில் பாதி நரை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனும் என்னைச் சின்னவரே என்றுதான் கூப்பிடுகிறான். கெட்ட அண்ணனை விட்டுப் பிரிய ஒரு சண்டை போதும். நல்ல அண்ணனை விட்டுப் பிரிய என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் நாலு மாதமாக ‘ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போறேன்’ என்று சொல்லிவிட்டு, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இங்கே வந்து மனுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அரங்கத்துக்குள் ஒரு வழிகாட்டிப் பெண் எங்களைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு மணி நேரம் ஆகும். நடுவுல யாரும் வெளிய போக முடியாது. கதவெல்லாம் என் கார்டு போட்டாத்தான் தொறக்கும்,” என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். இரண்டேகால் ஆகியிருந்தது. ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறை, அவர்கள் காலை ஊறவைக்கும் தொட்டி, பத்திரிகைக்காரர்கள் உட்காரும் அறை என்று ஒவ்வொன்றாகத் திறந்தாள். பின்னால் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டது. முக்கியஸ்தர்கள் உட்காரும் அறையில் அண்ணன் யாருக்கும் காத்திராமல் நேராகத் திரைச்சீலையிடம் போனார். கீழ்மடிப்பைப் புரட்டினார்.

“தையலைப் பாருடா. கோணல். இதை மாட்டினவனைக் கட்டி வச்சு உதைக்கணும்.”

“தொடாதீங்க சார்,” என்றாள் வழிகாட்டி.

“தொடாம எப்படிம்மா துணியைப் பாக்கிறது?”

மைதானத்தின் ஓரத்தில், மாற்று ஆட்டக்காரர்கள் காத்திருக்கும் பெஞ்சு இருந்தது. அண்ணன் சொன்னபடியே அண்ணி அதில் உட்கார்ந்துவிட்டார். “சில பேர் ஒரு வருஷம் முழுக்க இதுலயே உக்காந்திருப்பாங்க. ஆனா சம்பளம் உண்டு,” என்று வழிகாட்டி விளக்கினாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் புல்லைப் பார்த்தேன்.

வெளியே விட்டபோது மூன்று இருபத்தைந்து. அண்ணனுக்குப் பூங்கா ரயில் கண்ணில் பட்டுவிட்டது. மனைவி என் முழங்கையைக் கிள்ளி, “பாத்ரூம்னு சொல்லிட்டுப் போங்க. நான் இவங்களைப் பாத்துக்கிறேன்,” என்றாள். அவள் குரலில் கெஞ்சல் இல்லை. பதினேழு வருடம் அந்த மாடியில், கீழே அண்ணி மிக்ஸி போடும் சத்தத்தை வைத்து மணி சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

அலுவலகம் படகுப் பயிற்சி நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மா என் கடிதத்தை வாங்கிச் சரிபார்த்து, மூன்று பக்கங்களை முன்னால் வைத்தாள். மூன்றிலும் கையெழுத்து. முதல் பக்கத்தில் போட்டேன். என் கையெழுத்தைத் தனியாக, மேலே அண்ணன் கையெழுத்து இல்லாமல் பார்ப்பது, சட்டை இல்லாமல் தெருவில் நிற்பதுபோல இருந்தது. இரண்டாவது பக்கத்தைப் புரட்டினேன். கதவு திறந்தது.

“ஏம்மா, வெளிய கடை வாடகைக்குன்னு போட்டிருக்கே, என்ன ரேட் சொல்றீங்க?”

அண்ணன்தான். அவர் என்னைத் தேடி வரவில்லை. விலை கேட்காமல் ஒரு பலகையைத் தாண்டிப் போக அவரால் முடியாது. சுடுகாட்டில் இடம் என்று எழுதியிருந்தாலும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார். கேட்டு முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“நீ பாத்ரூம் போகல?”

“இல்லண்ணே.”

பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “நீங்களும் பங்குதாரரா சார்?” என்று அந்த அம்மா கேட்டாள். “நான் அண்ணன்,” என்றார், அதுவும் ஒரு பங்கு என்பதுபோல. தாளை வாங்கி எட்டப் பிடித்துப் படித்தார்.

“பதினாலு. எது, அந்தப் படிக்கட்டுக்குக் கீழயா? மழை வந்தா ஒழுகுமே.”

“மழை வந்தாத்தாண்ணே வியாபாரம். குடை, தொப்பி, மழைக்கோட்டு.”

“எத்தனை நாளா நடக்குது?”

“நாலு மாசம்.”

“அளவெடுக்கப் போறேன்னு போனதெல்லாம்?”

“இங்கதான்.”

“அதான் பாத்தேன். ஒரு வீட்டு ஆர்டர்கூட வரல,” என்றார். குரலில் கோபம் இல்லை. தாளை மேசையில் வைத்து, ஓரங்களை ஒன்றுசேர்த்து, என் பக்கமாகத் தள்ளினார். எனக்கு நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கண்ணில் எரிந்தது. அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினார்.

“இவருக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா.”

வேறு யார் காதில் விழுந்தாலும் இது தண்ணீர்தான். எங்கள் கடையில் அப்படி இல்லை. வருகிறவர் முன்னால் வாய்விட்டுப் பேச முடியாதல்லவா? அதற்காக எங்களுக்குள் இரண்டு வார்த்தை வைத்திருக்கிறோம். அண்ணன் நாற்காலியில் இருந்தபடி ‘டீ சொல்லு’ என்றால், இவர் வாங்கத்தான் வந்திருக்கிறார், ஒரு பைசா இறங்காதே என்று அர்த்தம். ‘தண்ணி குடு’ என்றால், இது வாங்குகிற முகம் இல்லை, ஏணியில் ஏறி முட்டியைக் கெடுத்துக்கொள்ளாதே, மரியாதையாக அனுப்பிவிடு என்று அர்த்தம். வீட்டிலும் இதே பாஷைதான். அண்ணியின் தம்பி பெட்டியோடு வந்து இறங்கினால் தண்ணி. என் மனைவியின் வீட்டுக்கு முதல்முறை போய் உட்கார்ந்த அன்று அண்ணன் அவள் அப்பாவிடம் உரிமையாக, “டீ சொல்லுங்களேன்,” என்றார். எனக்குக் கல்யாணம் நிச்சயமானதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். இருபத்துநாலு வருடத்தில் ஆயிரம் பேருக்காவது என் கையால் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அண்ணன் கணிப்பு ஒருமுறையும் தப்பியதில்லை.

அந்த அம்மா காகிதக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். தண்ணீர் குடித்த பிறகு எங்கள் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் என்ன செய்வார்களோ, அதையே என் உடம்பும் செய்தது. வாயைத் துடைத்துக்கொண்டேன். எழுந்தேன். “கொஞ்சம் யோசிச்சுட்டு வரேங்க,” என்றேன்.

“நாலு மணிக்கு சிஸ்டம் மூடிடும் சார்,” என்றாள்.

மனைவியும் அண்ணியும் படகு நிலையத்தின் பெரிய கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். மனைவி என் முகத்தைப் பார்த்ததும், “போட்டாச்சா?” என்றாள்.

“தண்ணி குடுக்கச் சொல்லிட்டார்.”

அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். மறுபடி திறந்தாள். மறுபடி மூடினாள்.

அண்ணன் பின்னாலேயே வந்தார். கையில் என் பேனா. “ஏண்டா பாதியில எந்திரிச்சு வந்துட்ட? அந்தம்மா ரெண்டு பக்கத்தைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.”

“நீங்கதானே தண்ணி குடுக்கச் சொன்னீங்க.”

“வேர்த்து ஊத்துச்சு. சொன்னேன்.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விற்கும்போதும் வாங்கும்போதும் ஒரே மாதிரி இருக்கும் முகம் அது. எங்கள் தொழிலுக்கு அதுதான் முதலீடு. நிஜமாகவே தண்ணீர்தான் கேட்டாரா? அல்லது அந்த அர்த்தத்தில் சொல்லிவிட்டு, நான் அத்தனை சுலபமாக எழுந்துவிட்டதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லையா? இத்தனை வருடம் ஒரே வார்த்தையை இரண்டு விதமாகப் பேசிய மனிதருக்கு, தான் எந்த விதத்தில் சொன்னோம் என்று தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

“தாகத்துக்குத் தண்ணி கேட்டாக்கூட உங்க ரெண்டு பேருக்கும் வியாபாரம்தானா?” என்றார் அண்ணி. பிறகு அலுவலக வாசலில் இருந்த வாடகைப் பலகையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் மெதுவாக, “என்ன கடை தம்பி?” என்று கேட்டார். நான் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

“அப்ப நான் போய்ப் போட்டுட்டு வரட்டுமாண்ணே?” என்றேன்.

கேட்டிருக்கக் கூடாது. சொல்லி முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மனைவி மூச்சை விட்ட சத்தம் கேட்டது. அண்ணன் பேனாவை என் பையில் செருகினார். அது சரியாக நிற்கிறதா என்று ஒருமுறை தட்டியும் பார்த்தார்.

“உன் இஷ்டம்,” என்றார். சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசல்வரை போய்விட்ட வாடிக்கையாளரிடம் நாங்கள் கடைசியாகச் சொல்வதும் இதைத்தான். துணியை மடிக்கத் தொடங்கிவிட வேண்டும், முகத்தைப் பார்க்கக் கூடாது, ‘உங்க இஷ்டம்’ என்று சொல்லி முதுகைக் காட்ட வேண்டும். பத்தில் எட்டுப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள். ஆனால் சாதாரண மனிதர்கள் அதே வார்த்தையைச் சொன்னால், உன் விருப்பப்படி செய் என்றுதானே அர்த்தம். அண்ணனின் முதுகில், சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. வெளியே அப்படியொன்றும் வெயில் இல்லை.

மூன்று ஐம்பத்திரண்டு. அலுவலகக் கதவு இருபதடி தூரத்தில் இருந்தது. மனைவி இப்போது என்னைப் பார்க்கவில்லை. அவளும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். உள்ளே நீளமான ஒரு தொட்டி. அதன் நடுவில் படகு ஒன்றைத் தரையோடு சேர்த்துப் பொருத்தியிருந்தார்கள். எட்டுப் பெண்கள் வரிசையாக அதில் உட்கார்ந்து, இரு பக்கமும் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. படகு அசையவில்லை. தள்ளப்பட்ட தண்ணீர் தொட்டியின் ஓரமாக ஓடி, பின்னால் சுற்றி, மறுபடி அவர்கள் துடுப்புக்கே வந்தது.

“இது எப்ப கிளம்பும்?” என்றார் அண்ணன், யாரிடம் என்றில்லாமல்.

தொட்டியின் ஓரத்தில் நின்ற பயிற்சியாளர் கையை உயர்த்தினார். எட்டுத் துடுப்புகளும் ஒரே நேரத்தில் மேலே எழும்பிச் சொட்டிக்கொண்டு நின்றன. பெண்கள் தலையைக் குனிந்து மூச்சு வாங்கினார்கள். யாரும் எதையும் தள்ளவில்லை. இருந்தும் தண்ணீர் மட்டும் அவர்கள் பக்கத்தில் வேகமாகப் போய்க்கொண்டே இருந்தது.