அஞ்சு மணி கபுட்

நேசையனுக்குப் பொறாமை காய்ச்சல் மாதிரி வந்துபோகிற சமாசாரம் அல்ல; வாடகை கொடுக்காமல் கூடவே குடியிருக்கிற சமாசாரம். விழிஞ்ஞம் ஜங்ஷனில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தான். தொழிலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கடைக்கு வந்தவன் சைக்கிளை விட்டுவிட்டு அவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தால் போதும், அன்றைக்குப் பஞ்சர் ஒட்டின மாதிரிதான்.

அவன் மனைவி லீலாபாய் கோவளத்துக் கடற்கரை ஹோட்டலில் துணி வெளுக்கிற பிரிவில் இருந்தாள். கிழிந்த விரிப்புகளைத் தைப்பது அவள் வேலை. சேர்ந்த வருஷமே வீட்டில் பெரிய சண்டை. சர்ச் பாட்டுக்குழுவில் பக்கத்தில் நின்று பாடிய ஒருத்தனைப் பற்றி நேசையன் கேட்ட கேள்விகளில் மனம் வெறுத்து, பாறசாலையில் அக்காள் தங்கபாய் வீட்டுக்குப் போய்விட்டாள். போதகர் நடுவில் நின்று சேர்த்துவைத்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்க போன, ஆருகூடப் பேசினன்னு இனி ஒரு தடவ கேட்டா, பின்ன நான் அக்கா வீட்டுலதான். போதகர் வந்து விளிச்சாலும் வரமாட்டேன்."

நேசையன் வேதபுத்தகத்தின்மேல் கைவைத்துச் சம்மதித்தான். கேட்கமாட்டேன் என்றுதானே சொன்னான், பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லையே. மறுநாளிலிருந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஹோட்டல் கேட்டில் சைக்கிளோடு ஆஜராகிவிடுவான். பெண்டாட்டியைக் கேரியரில் வைத்து ஓட்டிப்போகிற அருமையான புருஷன் என்று ஊர் மெச்சியது. வெளியே வருகிற ஒவ்வொரு ஆம்பிளையின் முகத்தையும் அவன் துருவிப் பார்த்தது லீலாபாய்க்கு மட்டும் தெரியும். அவள் பேசாமல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

எழுபத்துநாலாம் வருஷம் ஹோட்டலுக்கு ஜெர்மனியிலிருந்து பெரிய வெளுப்பு மெஷின் வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க ஒரு ஜெர்மன்காரனும் வந்தான். அரை நிக்கர், வெந்த இறால் மாதிரி சிவந்த கழுத்து. கேட்டிலிருந்து பார்த்த முதல் நாளே நேசையனுக்கு அவனைப் பிடிக்கவில்லை. இரண்டு வாரம்கூட ஆகாமல் அவன் ஊருக்குத் திரும்பிப் போனான், அப்போதும் பிடிக்கவில்லை.

சில மாதம் கழித்து, மழைக்காலத்தில் ஒரு காலை. வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் எரியாமல் புகைந்தது. லீலாபாய் திரியை ஏற்றினாள், இறக்கினாள், ஊதிப் பார்த்தாள். பிறகு தனக்குள் சிரித்துக்கொண்டு, "கபுட்" என்றாள்.

"அது என்ன பாஷ?"

"ஜெர்மன். கேடாயிப்போச்சுன்னு அர்த்தம்."

நேசையன் அவள் முகத்தையே பார்த்தான். வார்த்தைகூடப் பெரிசில்லை. அந்தச் சிரிப்பு! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு அவள் சிரித்தது உண்டா? யார் சொல்லிக்கொடுத்தது, எப்போது, எவ்வளவு பக்கத்தில் நின்று என்று கேள்விகள் தொண்டைவரை வந்தன. வேதபுத்தகம் ஞாபகம் வந்தது. கட்டஞ்சாயாவோடு சேர்த்து விழுங்கிவிட்டு, ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான்.

அன்றைக்கே வன்னியராஜின் சாயாக்கடையில் சாயா கேட்டான். வன்னியராஜ் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். "பால் கபுட் அண்ணாச்சி, கட்டன் போடட்டா?" என்றான். நேசையன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். இவளுடைய வார்த்தை இவன் வாயில் எப்படி வந்தது? ஜெர்மன்காரனோடு சந்தேகத்தில் இன்னொருத்தனும் சேர்ந்துகொண்டான்.

எங்கே கற்றாய் என்று லீலாபாயிடம்தான் கேட்கக்கூடாது, மற்றவர்களிடம் கேட்கத் தடையில்லை. வன்னியராஜ், பஸ் கண்டக்டர் தாணுமாலையன் சொல்லக் கேட்டதாகச் சொன்னான். அவன் கிழக்கேகோட்டை பஸ்ஸின் கடைசி நடை முடிந்ததும் படியிலிருந்து குதித்து, "கபுட்" என்று அறிவிப்பானாம். அது ஜெர்மன் என்று வன்னியராஜுக்குத் தெரியாது, ஏதோ மலையாளம் என்று நினைத்திருந்தான். தாணுமாலையனைப் பிடித்தால், அவன் ஏதோ கவர்மென்ட் இங்கிலீஷ் என்று நினைத்திருந்தான். ஹோட்டல்காரப் பெண்கள் பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள், அதிலிருந்து ஒட்டிக்கொண்டது என்றான். நடுவில் ஒரு மீன்காரி, கூடை காலியான சந்தோஷத்தில் "சாள கபுட்டாயி" என்று சொல்லிக்கொண்டு நேசையன் கடையைத் தாண்டிப் போனாள். மத்தி தீர்ந்துபோனதற்கும் ஜெர்மனிக்கும் என்ன சம்பந்தம்? ஊரே அந்த நிக்கர்காரனைப் பங்கு போட்டுக்கொண்டு தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நேசையனுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷனில் மீன் வாங்க வந்த சூடாமணி அகப்பட்டாள். லீலாபாயோடு ஒரே அறையில் வேலை செய்கிறவள். குசலம் விசாரிக்கிற மாதிரி பேச்சைத் தொடங்கி, இந்தக் கபுட்டை உங்களுக்கெல்லாம் யார் சொல்லித் தந்தது என்று கேட்டான். சூடாமணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணனுக்கு அறியூலாதா? அது அண்ணனுக்க பேருல்லா."

பிறகு வஞ்சகமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின் ஓட்டிப் பார்த்த முதல் நாளே ஒரு விரிப்பைத் தாறுமாறாகக் கிழித்துவிட்டது. ஜெர்மன்காரன் அதை எல்லாருக்கும் முன்னால் தூக்கிப் பிடித்து, "கபுட்" என்று மூலையில் எறிந்தான். இனித் தைத்தும் பிரயோசனமில்லை என்று அர்த்தமாம். அப்போது சன்னல் வழியே கேட் தெரிந்தது, கேட்டில் நேசையன் தெரிந்தான். தினமும் வந்து முறைத்துக்கொண்டு நிற்கிற இந்த ஆள் யார் என்று ஜெர்மன்காரன் சைகையில் கேட்டான். லீலாபாய் ஊசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "கபுட்" என்றாள்.

அறை முழுக்கச் சிரித்ததாம். அங்கே சுவர்க்கடிகாரம் நீராவி பட்டு என்றைக்கோ நின்றுபோயிருந்தது. அன்றிலிருந்து நேசையன் தலை தெரிந்ததும் யாராவது ஒருத்தி, "கபுட் வந்நு" என்பாள். அஞ்சு மணி ஆகிவிட்டது, வேலை முடிந்தது, துணியை மடக்கி வைக்கலாம் என்று பொருள். அப்படியே வேலை முடிந்தாலும் கபுட், பஸ் நின்றாலும் கபுட், பால் தீர்ந்தாலும் கபுட்.

நியாயமாகப் பார்த்தால் நேசையன் அங்கேயே நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். அப்படி விட்டிருந்தால் அவன் நேசையனே அல்ல. அவமானம் ஒரு பக்கம் எரிந்தது. அதைவிட அதிகமாக எரிந்தது வேறொன்று. அவனைப் பற்றிய உண்மையை அவள் முதன்முதலில் சொன்னது அந்த ஜெர்மன்காரனிடம். தன்னிடம் இல்லை. ஒரு வார்த்தையில் அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்கிறாள், அவனும் சிரித்திருக்கிறான். நிக்கர்காரன் கடல் தாண்டிப் போய் மாதங்கள் ஆன பிறகும் நேசையனுக்கு அவன்மேல் பற்றி எரிந்தது.

இனி அந்தக் கேட்டுப் பக்கம் தலைவைக்கமாட்டேன் என்று முடிவு செய்தான். திங்கட்கிழமை அஞ்சு மணிக்குக் கால் தானாக எழுந்தது, இழுத்துப்பிடித்து உட்காரவைத்தான். அஞ்சரை ஆனது. ஆறு அடித்தது. அடுத்தடுத்து வந்த இரண்டு பஸ்ஸிலும் லீலாபாய் இல்லை. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் வாசலில் நின்றான். விளக்கு வைத்தபின் அவள் நனைந்த குடையோடு வந்தாள். நான் போகாத முதல் நாள், இவள் தாமதமாக வருகிற முதல் நாள். அவனுக்குத் தலைக்குள் வண்டு குடைந்தது.

கேட்காதே என்று அவனே அவனுக்குச் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே கேட்டான்.

"எங்க போயிருந்த?"

லீலாபாய் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்த்துத்தான் அவனுக்குப் பயம் வந்தது.

"மணி அஞ்சானது அங்க ஒருத்தருக்கும் தெரியல்ல. நீங்க வரல்லல்லா, அதான் எல்லாரும் இருந்து தைச்சிட்டே இருந்தோம்," என்றாள். பிறகு, "கேட்டாச்சில்லியா?" என்றாள்.

காலையில் துணிப்பெட்டியோடு பாறசாலை பஸ் ஏறினாள். நேசையன் கெஞ்சினான், பின்னாலேயே ஜங்ஷன்வரை நடந்தான், அழவும் செய்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் போதகரைப் போய்ப் பார்த்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இந்த முறை தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹோட்டல் கேட்டில் போய் நின்றான். வேறு எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. சன்னலிலிருந்து ஒரு பெண்குரல், "கபுட் வந்நு" என்றது. ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். அவன் எல்லா முகத்தையும் பார்த்தான். கடைசியாக வந்த சூடாமணி அவனையும் வெறும் கேரியரையும் பார்த்துத் தலைகுனிந்துகொண்டு போனாள். வாட்ச்மேன் கேட்டைச் சாத்துகிறவரை அவன் நின்றுகொண்டிருந்தான்.