சுண்ணாம்பு வைத்த மச்சம்

எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது மச்சம் எடுக்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்து வைத்தால் ஐந்தாம் நாள் பொருக்கோடு விழுந்துவிடும். கைராசிக்காரி என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்?

எழுபத்திரண்டாம் ஆண்டு, என் கணவர் ஞானசேகரத்தின் குதிக்காலில் இருந்த மச்சம் பெருத்து, ஓரமெல்லாம் கறுத்துப் பரவியது. திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற மனிதர். கால் போனால் சோறு போச்சு என்று நானே சுண்ணாம்பு வைத்துச் சுட்டேன். விழவில்லை, சீழ் வைத்தது. பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு துண்டு வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ஆறு கிழமை கழித்து வந்த கடிதத்தை டொக்டர் இரண்டு தரம் வாசித்தார்.

"புற்றுநோய் எண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. பாக்கவேண்டிய தோல் வெந்துபோய்க் கிடக்காம். ஏதும் வச்சனீங்களோ?"

"இல்லை டொக்டர்," என்றார் அவர், என் பக்கம் திரும்பாமலே.

டொக்டர் அவருடைய தொடையிடுக்கை அமுக்கிப் பார்த்தார். கடலையளவில் ஒரு கட்டி இருந்தது.

"நோய் பரவினதாயும் இருக்கலாம், புண்ணுக்கு நெறி கட்டினதாயும் இருக்கலாம்."

நான் இடையில் புகுந்தேன். "நான்தான் சுண்ணாம்பு வச்சனான்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"முதலே சொல்லியிருந்தா வேகாத இடமாப் பாத்து வெட்டியிருப்பம். இனிக் குதியை அகலமா வெட்டித்தான் பாக்கவேணும். அதிலையும் தெளிவா வருமெண்டு சொல்ல ஏலாது. வெட்டினா மூட்டை தூக்கிறது சரிவராது."

கடற்கரையால் நடந்து வந்தோம். அவர் நொண்டினார்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?" என்று எரிந்து விழுந்தேன்.

"உம்மை ஏசுவினம் எண்டுதான்."

அந்த இடத்திலேயே செத்துப்போனால் நல்லது என்றிருந்தது.

கொஞ்சத் தூரம் போய் அவர் நின்றார். "இவ்வளவு பேருக்கு எடுத்துவிட்டனீர். ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லைத்தானே?" ஓம் என்ற ஒரு சொல்லுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம். ஒருத்தருக்கும் வரேல்லை," என்றேன்.

மூன்று வீடு தள்ளியிருந்த கோணேஸ்வரிக்குப் பெருவிரலடியில் கருமச்சம். அதையும் நான்தான் சுட்டேன். அதற்கு முந்தின வருடம் தொடையிடுக்கில் கட்டி வீங்கிச் செத்தாள். என்ன நோயென்று ஒருவருக்கும் தெரியாது. அந்தச் செத்தவீட்டில் முன்னுக்கு நின்று அழுதவளும் நான்தான்.