சொந்தப் பல்லு

காலையில் லிந்தினால்வா தண்ணீர்த் தொட்டியடியில் நின்று பல் தேய்க்க ஆரம்பித்தால் அவள் மாமியார் சுல்மிராவுக்கு அது ஒரு வேடிக்கை. நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அரைக் குவளைத் தண்ணீர், ஒரு மிருதுவான பிரஷ், அப்புறம் பல்லிடுக்கில் விட்டு இழுக்க ஒரு முழம் நூல். மருமகள் துப்புகிற நுரை இளஞ்சிவப்பாக விழும்.

"ரத்தம் வருது, அதைப் போய்த் திரும்பத் திரும்பத் தேய்க்கிறியே. புண்ணைச் சொறியறதுக்கு இவ்வளவு தண்ணியா?"

"போன மாசம் நல்ல சிவப்பா வந்துச்சு அத்தை. இப்ப வெளிறிடுச்சு. பாத்துக்கிட்டே இருங்க."

"பாக்க என்ன இருக்கு? என்னைப் பாரு. தேய்க்கறதும் இல்ல, வலிக்கறதும் இல்ல."

சுல்மிரா வெறும் ஈறைக் காட்டிச் சிரித்தாள். அவளுடைய பல்செட்டு சமையலறை அலமாரியில், கண்ணாடித் தம்ளருக்குள் கிடந்தது. சர்ச் பூசைக்கும் போட்டோவுக்கும்தான் அது வெளியே வரும். சாப்பிடும்போது கழற்றி வைத்துவிட வேண்டும். போட்டுக்கொண்டு மென்றால் லொடலொடவென்று ஆடும். சாப்பாட்டுக்கு ஆகாத பல்லை வைத்துக்கொண்டு என்னதான் பெருமையோ.

உம்பு ஓடை என்கிற அந்த ஊரில் நாற்பது தாண்டியவர்கள் வாயில் சொந்தப் பல்லைத் தேடிப் பிரயோசனமில்லை. வலிக்கிறதா, பிடுங்கு. பக்கத்துப் பல்லும் வலிக்குமோ, அதையும் பிடுங்கு. கல்யாணச் சீராகக்கூடப் பல்செட்டு கொடுப்பார்கள். பல்வலித் தொல்லை வைக்காத பெண்டாட்டி என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். தேர்தல் வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம், தேர்தலில் நிற்கிற கிரினோ குடும்பத்தின் பல் பிடுங்கும் வேன் சந்தைத் திடலில் வந்து நின்றுவிடும், பல்செட்டு இலவசம். வாயைத் திற, ஓட்டைப் போடு. அது குற்றம் என்று நீதிபதியிலிருந்து கழுதை ஓட்டுகிறவன் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. அதிலும் ஒரு நிபந்தனை: மேலும் கீழும் முழு செட்டுதான். நல்ல பல் பாக்கி இருந்தால் அதையும் கொடுத்துவிட்டுத்தான் பல்செட்டு வாங்க முடியும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தால் ஊரே ஒரே சிரிப்பைச் சிரிக்கும்.

லிந்தினால்வாவின் அக்கா எதிலேவுசாவுக்கும் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அப்படித்தான் பிடுங்கினார்கள். அந்த வருஷம் யோவான் திருநாளுக்கு அக்கா சுட்ட சோளக்கதிரைக் கையில் வைத்துக்கொண்டு, கத்தியால் மணிகளைச் சீவி, காப்பியில் ஊறவைத்துத் தின்றாள். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் லிந்தினால்வா மறந்திருப்பாள். அழாமல் ஊறவைத்துத் தின்றதுதான் இருபத்தைந்து வருஷமாக அவள் நெஞ்சில் கிடக்கிறது.

அதனால்தான் ஈறு வீங்கி ரத்தம் கசிய ஆரம்பித்ததும் அவள் சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். புதன்கிழமைகளில் வருகிற டாக்டர் ஈவினா வாயைப் பார்த்தார். "ரெண்டு கடைவாய்ப் பல்லு சொத்தை, அது போயாகணும். மத்ததெல்லாம் உறுதியா இருக்கு. ரத்தம் வருதுன்னு தேய்க்காம விட்டுட்டீங்க, அதனாலதான் இன்னும் வருது" என்றார். மூன்று புதன்கிழமை உட்கார வைத்துப் பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுத்தார். சொத்தைப் பல்லை மட்டும் பிடுங்க முடியவில்லை. மரத்துப்போக ஊசி மருந்து வந்து பல மாதமாயிற்று. கேட்டு எழுதினால் பதில் இல்லை.

இந்த நேரத்தில்தான் புருஷன் ஜெனிவால்தோ கிரினோவின் வேனில் அவள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். மகள் ராயானிக்கு யோவான் திருநாளன்று கல்யாணம்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்க என்ன இருக்கு? கிரினோ ஐயா மேயரா நிக்கிறாரு, நம்ம கல்யாணத்துக்கும் வர்றேன்னிருக்காரு. போட்டோல எல்லாரும் பளிச்சுனு நிக்கறப்போ நீ மட்டும் ஓட்டைவாயோட நிப்பியா?"

"அம்மா, சீக்கிரம் முடிச்சிரும்மா, எல்லார் வீட்டுலயும் இருக்கறதுதான" என்றாள் ராயானி. பத்தொன்பது வயசுப் பெண், வாய் நிறையப் பால்வெள்ளைப் பல். லிந்தினால்வா அந்தப் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஏற்கெனவே இரண்டு தடவை சீர்ப் பேச்சை எடுத்திருந்தாள். இன்றைக்குத் தன் வாயைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு மகள் வாயைக் கொடுக்காதே என்று எந்த வாயால் சொல்வது?

வேனுக்குப் போனாள். ஊசி அங்கேதான் இருந்தது, வேறு வழியில்லை. பல் பிடுங்கும் நொனாத்தோ கெட்டிக்காரன்தான், இரண்டு சொத்தையையும் நொடியில் எடுத்துவிட்டான். எடுத்த கையோடு குறடு முன்பல்லுக்கு வந்தது. லிந்தினால்வா வாயை மூடிக்கொண்டாள்.

"தொறம்மா. இன்னும் இருக்கு."

தலையை ஆட்டினாள். நொனாத்தோ குறட்டால் பக்கத்திலிருந்த தட்டைத் தட்டினான். "ரெண்டு பல்லுக்கெல்லாம் செட்டு கிடையாது, தெரியுமில்ல?"

"சேட்டு யாரு கேட்டா?" மரத்துப்போன நாக்கில் வார்த்தை சப்பையாக வந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்து வேன் படியில் வந்து நின்றாள். கீழே வரிசை முழுக்க இவளையே பார்த்தது. ஜெனிவால்தோ ஓடி வந்தான்.

"மானத்தை வாங்காத. உள்ள போ. நான் வாக்கு குடுத்திருக்கேன்."

"உங்க வாயால குடுத்தீங்க. உங்க வாயில இப்ப பல்லே இல்ல. இது என் வாய்."

வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒவ்வொருத்தியாக வேனுக்குள் போகத்தான் செய்தார்கள். ஒருத்தி மட்டும் கிளம்பி வீட்டுக்குப் போனாள், அவளுக்கு வீட்டில் பால் காய்ச்ச வேண்டியிருந்ததோ என்னவோ.

அந்த வாரமே தண்ணீர் லாரி அவர்கள் வாசலில் நிற்காமல் போயிற்று. லாரியும் கிரினோவுடையதுதான். லிந்தினால்வா கழுதையில் குடங்களைக் கட்டி மூன்றாவது ஊர்க் கிணற்றிலிருந்து கல்யாணத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஜெனிவால்தோ பேச்சை நிறுத்தியிருந்தான். அவன் பேசாமலிருந்தது ஒரு வகையில் நிம்மதியாகவே இருந்தது. காலையில் அரைக் குவளையைக் கால் குவளையாக்கிக்கொண்டாள், பிரஷ்ஷை மட்டும் விடவில்லை. ஒரு நாள் துப்பினதில் நிறமே இல்லை. சுல்மிரா எட்டிப் பார்த்தாள், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

யோவான் திருநாள். வாசலில் நெருப்பு மூட்டிக் கதிர்களைச் சுட்டார்கள். போட்டோக்காரன் எல்லோரையும் சிரிக்கச் சொன்னபோது இரண்டு குடும்பமும் ஒரே சிரிப்பைச் சிரித்தது. "நீங்க கொஞ்சம் வாயை மூடிக்குங்கம்மா" என்று அவன் சொன்னதற்கு லிந்தினால்வா இன்னும் அகலமாகச் சிரித்துக்கொடுத்தாள். போட்டோ முடிந்ததும் செட்டுகள் கழன்று கைக்குட்டைக்குள் போயின. மாமன், மச்சான், சம்பந்தி எல்லோரும் கன்னம் ஒட்டி, தட்டில் சோளத்தைக் கத்தியால் சீவ ஆரம்பித்தார்கள்.

கிரினோ பந்தியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த கதிரைப் பாதி காலி செய்துவிட்டு எழுந்தார். "பொண்ணுக்கு என் சீரு, ஒரு முழு பல்செட்டு. மகராசிக்கு இனிமே பல்வலின்னா என்னன்னே தெரியக் கூடாது." கை தட்டினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராயானி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பயந்துபோயிருந்தாள் பெண்.

கிரினோ உட்கார்ந்து மறுபடி கதிரைக் கடித்தார். கருக்முருக்கென்று சத்தம் பந்தி முழுக்கக் கேட்டது, வேறு யாரிடமிருந்தும் அந்தச் சத்தம் வரவில்லையே. லிந்தினால்வா தன் கதிரைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கிரினோ ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா. உன் வீட்டுக் கல்யாணம்."

"உங்க கல்யாணத்துக்கு யாரும் பல்செட்டு குடுக்கலையா?"

அவர் வாய் நின்றது. கத்திகளும் நின்றன. பந்தியில் இருந்த அத்தனை பேரும் அவர் கையிலிருந்த கதிரைப் பார்த்தார்கள், அப்புறம் அவர் வாயைப் பார்த்தார்கள். சுல்மிரா எழுந்து மெதுவாக நடந்து போய், சந்தையில் ஆடு வாங்குகிறவள் போல் குனிந்து அவர் முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"அட, மொத்தமும் சொந்தப் பல்லு."

"பாட்டி, அது வந்து..."

"என்னுதைப் பிடுங்கச் சொன்னது உங்கப்பாதான்" என்றாள் சுல்மிரா. "கரும்பு கடிச்சிக்கிட்டிருந்த பல்லு. ஒண்ணுகூட வலிக்கல."

யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. ஜெனிவால்தோ கைக்குட்டையை விரித்து உள்ளே இருந்ததைப் பார்த்தான், மறுபடி மூடினான். ராயானி தட்டிலிருந்து ஒரு முழுக் கதிரை எடுத்தாள்.

"எனக்கு வேணாம் ஐயா. இருக்கறதே போதும்." சொல்லிவிட்டுக் கடித்தாள்.

மறுநாள் விடியலில், மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புமுன், ராயானியும் தொட்டியடிக்கு வந்து நின்றாள். லிந்தினால்வா நூலில் பாதியை அறுத்துக் கொடுத்தாள். சுல்மிரா நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தாள்.

"பாத்துச் செலவு பண்ணுங்கடி" என்றாள். "லாரி இனிமே நம்ம தெருப் பக்கமே வராது."