முகத்தில் ஒன்பது ஊசிகளோடு ஷிகாய்

1

ஒரு கதையும் எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. 'முதல்முறை அக்குபங்சர் செய்துகொள்பவர் என்ன எதிர்பார்க்கலாம்' என்று ஒரு பத்திரிகையில் கட்டுரைதான் கேட்டிருந்தார்கள். சீனாவில், செங்டு நகரத்தில் பல வருடமாகக் குடியிருக்கிறேன், கழுத்துவலிக்கு ஊசி குத்திக்கொள்கிறேன். சிகிச்சைக் கட்டிலில் குப்புறப் படுத்தபடியே முதல் வரியை யோசித்தேன்: 'ஊசி முடியளவு மெல்லியது, பயப்பட எதுவும்—'

அடுத்த கட்டிலில் ஒருவர் அலறினார்.

"இன்னும் குத்தவே இல்லைங்க, பஞ்சால தொடச்சேன்" என்றார் ஊசி குத்தும் டாக்டரம்மா.

2

அலறியவர் லுவோ ஷிகாய், கல்யாண மேடைகளில் நிகழ்ச்சி நடத்துபவர். நான்கு நாள் முன்பு பல் தேய்க்கும்போது முகத்தின் இடப்பக்கம் தொங்கிவிட்டது. அன்றிலிருந்து மேடையில் வாயே திறக்கவில்லை. சனிக்கிழமை ஒரு கல்யாணம். அதை அவர் நடத்த முடியுமா என்று மணப்பெண்ணின் அப்பா, "நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்" என்று சொல்லியிருந்தார்.

(இங்கே ஷிகாய்க்குப் பிரிந்துபோன மனைவி ஒருத்தியைச் சேர்த்தேன்; பிறகு அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிட்டேன். ஒரு மனிதனுக்கு ஒன்பது ஊசி போதும்.)

"ஊசி எறங்கின எடத்துல உளையுதா? கனமா இருக்கா?"

"ஃபயமா இருக்கு டாக்டரம்மா."

"அதை நான் கேக்கல."

3

தீ பிடித்தது என்று எழுத ஆசை. உண்மையில் கடைசிக் கட்டிலில் ஒத்தடச் சூட்டுக்காகக் கொளுத்திய மூலிகைப் புகைக்குத்தான்* அபாயமணி அலறியது.

"ஊசியைத் தொடாதீங்க! அப்படியே எறங்குங்க!" என்றார் டாக்டரம்மா.

பதின்மூன்று பேர் ஒடுங்கிய படிக்கட்டில் முண்டினோம். முன்னால் போர்வையைப் பிடித்தபடி, முதுகெல்லாம் ஊசியோடு, தோஃபு விற்கும் மா அக்கா. பின்னாலிருந்து தள்ளினார்கள். ஒரு பெரியவர் கால் தவறிச் சுவரைப் பிடித்தார். அடுத்த தள்ளலில்

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.]

அப்போது ஷிகாய் கத்தினார். "அன்ஃபார்ந்த விருந்தினர்களே!"

எல்லோரும் நின்றோம். வாய் கோணி, 'ப' எல்லாம் காற்றாகப் போனது. ஆனால் குரல் மேடைக் குரல்.

"யாரும் தள்ளாதீங்க! மொதல்ல ஃபெரியவர்! அடுத்து முள்ளம்ஃபன்றி அக்கா!"

"யாரைடா முள்ளம்பன்றிங்கற?"

மா அக்காவே முதலில் சிரித்தாள். ஒவ்வொரு படியையும் ஷிகாய் எண்ணிச் சொல்லச் சொல்ல, மணமகள் வருவதுபோல நிதானமாக இறங்கி வீதிக்கு வந்தோம்.

* மருக்கொழுந்தின் உறவுக்காரச் செடி. நாற்றம் சட்டையை விட்டுப் போகாது.

4

வாசலில் அந்த மணப்பெண்ணின் அப்பா நின்றிருந்தார், கையில் ஆரஞ்சுப் பழப் பை. ஷிகாயைப் பார்க்க வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

முதல் முடிவில் அவரை ஷிகாயைக் கட்டிப்பிடிக்க வைத்தேன். ஊசி இடித்தது. இரண்டாவதில் அவர் பழப் பையோடு திரும்பிப் போனார். எழுதிய எனக்கே அவர்மேல் கோபம் வந்து கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஷிகாயை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "வாய் இப்படியே இருந்தாலும் பரவால்ல. சனிக்கிழமை வருவீங்களா, மாட்டீங்களா?"

ஷிகாயின் வலது கண் கலங்கியது. இடது கண் ஏற்கெனவே நான்கு நாளாகக் கலங்கித்தான் இருந்தது. பதில் சொல்ல வாயெடுத்தார்.

"பேசினது போதும்! வாயோரத்துல ஊசி இருக்கு!" என்று டாக்டரம்மா அதட்டினார்.

ஆகவே பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், மணி இன்னும் நிற்கவில்லை.