கொழுந்தனார் பிழைத்த நாள்

ஓமலூர் ரோடு பிரியும் பிரிவில் கொழுந்தனார் சந்தோஷ்குமாரை லாரி தட்டிவிட்டதாகப் போன் வந்தபோது, கோகிலவாணி மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. ஓரகத்தி கிருத்திகாவை இழுத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினாள். கிருத்திகா வழியெல்லாம் அழுதாள். கோகிலவாணிக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரிந்ததுதானே.

சில வருஷங்களுக்கு முன் அவள் புருஷன் கந்தவேலும் அதே பிரிவில்தான் அடிபட்டான். அப்போது அங்கே சிக்னல் விளக்கு கிடையாது, வேகத்தடை கிடையாது. ஹெல்மெட் போடும் வழக்கம் ஊரில் யாருக்குமே இல்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, சுற்றி நின்றவர்கள் தொடவில்லை. ஆட்டோ கிடைத்தபோது உயிர் இல்லை.

ஆனால் இன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். "காலு மட்டுந்தாங்க முறிஞ்சிருக்கு. ஹெல்மெட் போட்டிருந்ததால தலைக்கு ஒண்ணுமில்லை."

உள்ளே போனார்கள். சந்தோஷ்குமார் கட்டிலில் கிடந்தபடி பேசினான். "வேகத்தடைல லாரி மெதுவாத்தானுங்க அண்ணி வந்துச்சு. டிரைவரே எறங்கி வந்து நூத்தியெட்டுக்குப் போன் போட்டாரு."

கிருத்திகா கோகிலவாணியைக் கட்டிக்கொண்டாள். "சாமி காப்பாத்திருச்சுக்கா!"

"ஆமா கண்ணு."

சந்தோஷம் வரும் என்று கோகிலவாணி காத்திருந்தாள். வரவில்லை. பொறாமையாவது வரும் என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல இருந்தது.

கிருத்திகாவுக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது. பிடியைத் தளர்த்தினாள். "அக்கா... மாமனுக்கு அப்ப இதெல்லாம் இருந்திருந்தா..."

"அப்ப இல்லீல்ல," என்றாள் கோகிலவாணி. "நீ காலைல இருந்து ஒண்ணும் திங்கல. இரு, இட்லி வாங்கியாரேன்."

பொழுது சாய, கிருத்திகாவைத் துணைக்கு விட்டுவிட்டுத் தனியாக ஊருக்குத் திரும்பினாள். பிரிவில் சிவப்பு விளக்கு எரிய, பஸ் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாவகாசமாக ரோட்டைக் கடந்தார்கள். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா சலித்துக்கொண்டாள்.

"இந்தச் சிக்னலப் போட்டாலும் போட்டாங்க, நேரத்துக்கு ஊடு போய்ச் சேர முடியறதில்லீங்க."

"ஆமாங்க," என்றாள் கோகிலவாணி.

பஸ் கிளம்பியது. அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவள் ஊர் நிறுத்தம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ரோட்டோரமாகவே திரும்பி நடந்தாள்.